எட்டு நிமிடத்தில் நின்றுபோகும் ஆயில் எஞ்சின்

எங்கள் விளையில் (தோட்டத்தில்) இருக்கும் ஆயில் எஞ்சின் ஹேண்டில் போட்டுச் சுற்றினால் மூன்றாவது சுற்றுக்குள் பிடித்துக்கொள்ளும். ஏழெட்டு நிமிடம் ஒரு குறையும் சொல்ல முடியாதபடி ஓடும். அதன்பின் மேடேறும் மாட்டு வண்டியைப் போல வேகம் தளர்ந்து, நாலைந்து முறை திணறி, நின்றுவிடும். இந்த ஒரே கோளாறு பதினொரு நாட்களை விழுங்கியது. அந்த நாட்களில் நான் என்னென்ன கழற்றினேன், எதை எதை வீணாகச் சந்தேகித்தேன், கடைசியில் எது காரணமாக இருந்தது என்பதைக் கையில் எழுதி வைத்திருந்த குறிப்புகளைப் பார்த்து இங்கே வரிசையாகப் பதிவு செய்கிறேன்.

விளை இருப்பது பூதப்பாண்டியை அடுத்த மேட்டுப் பகுதியில். சானல் (கால்வாய்) தண்ணீர் ஏறாத இடமாதலால் கிணற்றை நம்பித்தான் வாழை போடுகிறோம். எஞ்சின் ராஜ்கோட்டில் செய்யப்பட்ட லிஸ்டர் மாதிரி. இங்கிலாந்தின் டர்ஸ்லி ஊரில் 1930-ஐ ஒட்டி வந்த மூல எஞ்சினின் அமைப்பை அப்படியே பின்பற்றியது. ஒரே சிலிண்டர், இரண்டு பக்கமும் கனத்த ஃப்ளை வீல், 6 குதிரைத்திறன், நிமிடத்துக்கு 650 சுற்று. சிலிண்டரின் உள்விட்டம் 114.3 மில்லிமீட்டர், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 139.7 மில்லிமீட்டர். மின்சாரம் தேவையில்லை, பேட்டரி தேவையில்லை. டீசலும் காற்றும் தோள் வலிமையும் போதும். 1990-இல் விவசாயத்துக்கு மின்சாரம் இலவசமான பிறகு இதற்கு வேலை குறைந்துபோயிற்று. கடைசியாக இது தொடர்ந்து ஓடியது 2017 நவம்பர் 30-ஆம் தேதி ஒக்கிப் புயல் அடித்துக் கம்பங்கள் சாய்ந்து கிடந்த நாட்களில். அக்கம்பக்கத்து வீடுகளுக்கும் சேர்த்து இதுதான் கிணற்றிலிருந்து தண்ணீர் இறைத்துக் கொடுத்தது. வேலை முடிந்ததும் டீசலை வடித்துவிட்டு, சைலன்சர் வாயில் சிரட்டையைக் கவிழ்த்து, டேங்க் மூடியையும் மழைத்தண்ணீர் இறங்காதபடி இறுக்கி மூடி வைத்தேன். இரண்டு பருவமழையும் பெய்கிற மாவட்டம் என்பதால் அந்த மூடி விஷயத்தில் நான் அதிக அக்கறை எடுத்துக்கொண்டேன். இதை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும், நான்தான் மறந்துபோனேன்.

இந்த ஆண்டு மாசிக் கடைசியில் கிணற்று மோட்டாரின் காயில் எரிந்துபோயிற்று. நாகர்கோவிலில் காயில் கட்டக் கொடுத்தபோது இரண்டு வாரமாவது ஆகும் என்றார்கள். ஐந்து மாதத்து ஏத்தன் வாழை அறுநூறு மூடு நிற்கிறது. அதற்கு இரண்டு வாரம் தாங்காது. ஆகவே எஞ்சினைக் கிளப்புவது என்று முடிவாயிற்று. பழைய எஞ்சின் எண்ணெயை மாற்றினேன். ஒட்டிக்கொண்டிருந்த எக்சாஸ்ட் வால்வின் தண்டில் மண்ணெண்ணெய் ஊற்றி, மெல்லத் தட்டி இளக்கினேன். கிணற்றுக் குழாயின் அடிமுனையிலுள்ள ஃபுட் வால்வைக் கழுவிப் பூட்டினேன். டேங்க் பத்து லிட்டர் கொள்ளும். அதில் ஒன்பது லிட்டர் புது டீசல் ஊற்றினேன். உதவிக்கு என் அண்ணன் மகன் வந்திருந்தான். பாலிடெக்னிக் படிக்கிறவன். ஹேண்டில் பிடிக்கும்போது கட்டை விரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கமாக வைக்க வேண்டும், எதிர்ப்புறம் கொடுத்துப் பிடித்தால் எஞ்சின் திருப்பி அடிக்கும்போது விரல் போய்விடும் என்பதை முதலில் அவனுக்குச் சொல்லிக் கொடுத்தேன். சிலிண்டரின் அழுத்தத்தை விடுவிக்கும் டிகம்ப்ரஷன் லிவரைத் தூக்கி நன்றாகச் சுழற்றி, லிவரை விட்டதும் எஞ்சின் பிடித்துக்கொண்டது. பெல்ட்டைப் போட்டுத் தண்ணீரும் வந்தது. எட்டாவது நிமிடத்தில் நின்றது.

நிற்பதில் பல வகை உண்டு; எப்படி நின்றது என்பதைப் பார்ப்பதே பாதி வைத்தியம். முதலாவதாக, வேகம் தளர்ந்தபோது கரும்புகை வரவில்லை. சுமை தாங்காமலோ பிஸ்டன் பிடித்துக்கொண்டோ எஞ்சின் திணறினால், வேகத்தைச் சீராக வைக்கும் கவர்னர் டீசலைக் கூட்டிக்கொண்டே போகும். எரியாத மிச்சம் கரும்புகையாக வெளியேறும். இங்கே வந்தது கடைசி நேரத்தில் இரண்டு மூன்று வெள்ளைப் புகைக் குமிழிகள் மட்டும். இரண்டாவதாக, நிற்கப் போகும் தருணத்தில் டீசல் பம்பில் டீசலின் அளவைக் கூட்டிக் குறைக்கும் தண்டான ரேக் முழு அளவுக்குத் தள்ளப்பட்டிருந்தது. அதாவது கவர்னர் டீசல் கேட்கிறது, ஆனால் கிடைக்கவில்லை. மூன்றாவதாக, நின்ற உடனே டிகம்ப்ரஷன் லிவரைத் தூக்கிச் சுற்றினால் ஃப்ளை வீல் தடையில்லாமல் சுழன்றது. ஆகவே சூட்டில் பிஸ்டன் இறுகவில்லை. நான்காவது அடையாளம் காதால் அறிவது. டீசல் ஒழுங்காக வந்தால் கையால் சுற்றும்போதே ஒவ்வொரு தடவையும், சிலிண்டருக்குள் டீசலைத் தெளிக்கும் நாசில் ‘கிரிச்’ என்று ஒலி எழுப்பும். நின்ற எஞ்சினில் அந்த ஒலி இல்லை. நான்கும் ஒன்றையே சொல்லின: எஞ்சினுக்குப் பசி.

டீசல் டேங்கிலிருந்து தானாக இறங்கி, ஃபில்டர் வழியாக டீசல் பம்புக்கு வரும் அமைப்பு இது. இடையில் ஏற்றிக் கொடுக்கும் தனிப் பம்பு எதுவும் கிடையாது. எனவே ஃபில்டரின் மேலுள்ள ஏர் ஸ்குரூவைத் தளர்த்தினேன். ஒன்றும் வரவில்லை. டேங்கில் டீசல் இருக்கிறதா என்று மூடியைத் திறந்து, தென்னை ஈர்க்கு ஒன்றை விட்டு அளந்து பார்த்தோம். ஏறத்தாழ நிறைய இருந்தது. மறுபடி ஃபில்டர் பக்கம் திரும்பினால், அதற்குள் ஸ்குரூவிலிருந்து நுரையும் குமிழியுமாக டீசல் வழியத் தொடங்கியிருந்தது. குமிழி நிற்கும்வரை வடியவிட்டு இறுக்கினேன். டீசல் பம்பிலும் அவ்வாறே ஏர் எடுத்தேன். எஞ்சின் உடனே பிடித்தது. எட்டு நிமிடம் ஓடி நின்றது.

காற்று எங்கோ புகுகிறது என்பது கண்ணால் கண்ட உண்மை. ஒவ்வொரு தடவை நிற்கும்போதும் குமிழி வந்தது. இந்த எஞ்சின் நிமிடத்துக்கு 650 சுற்று ஓடும்போது 325 தடவை டீசல் அடிக்கிறது. முழுச் சுமையில் ஒவ்வொரு தடவையும் அடிப்பது ஏறத்தாழ ஒரு சொட்டுதான். அந்த ஒரு சொட்டின் இடத்தில் காற்றுக் குமிழி உட்கார்ந்துவிட்டால், பம்பினுள் டீசலை அழுத்தித் தள்ளும் எலிமெண்ட் எவ்வளவு அழுத்தினாலும் குமிழி சுருங்கி விரியுமே தவிர நாசில் திறக்காது. ஆகவே நான் இணைப்புகளைச் சந்தேகித்தேன். குழாய்களை இணைக்கும் பேஞ்சோ போல்ட்டுகளின் காப்பர் வாஷர்கள் அனைத்தையும் கழற்றினேன். பழைய காப்பர் வாஷரை எறிய வேண்டியதில்லை; சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டால் மறுபடி இளகிவிடும். நான் பாதியை இப்படி இளக்கியும் பாதியைப் புதிதாக வாங்கியும் போட்டேன். எல்லா இணைப்புகளையும் துடைத்து, சுற்றிலும் சாக்கட்டித் தூளைத் தடவி, கசிவு எங்காவது நனைந்து காட்டுகிறதா என்று ஒரு மணி நேரம் காத்திருந்தேன். ஓர் இடத்திலும் நனையவில்லை. எஞ்சினைக் கிளப்பினேன். நின்றது.

அடுத்து ஃபில்டர். உள்ளே இருந்த துணிச்சுருள் கறுத்துத்தான் கிடந்தது, புதிது போட்டேன். அன்று மாலை எஞ்சின் பன்னிரண்டு நிமிடம் ஓடியது. நான்கு நிமிடம் கூடியதை நான் ஃபில்டரின் பெருமையாக எழுதி வைத்திருக்கிறேன். அந்தக் குறிப்பை இப்போது பார்த்தால் எனக்கே சிரிப்பு வருகிறது.

மூன்றாம் நாள், டீசல் எஞ்சின் வேலையில் நாற்பது ஆண்டு பழக்கமுள்ள மெக்கானிக் ஒருவரை அழைத்து வந்தேன். வந்ததும் அவர் எதையும் கழற்றவில்லை, புகையைப் பார்த்தார், சத்தத்தைக் கேட்டார், பிறகு சொன்னார்: “அண்ணாச்சி, நாசில் ஒழுகுது. வெள்ளப் பொகை வருது பாத்தியளா? மொதல்ல இதச் சரி பண்ணுவோம்.” நாசிலை நாகர்கோவிலில் உள்ள ஒரு டீசல் பம்பு பட்டறையில் டெஸ்டரில் மாட்டிப் பார்த்தபோது அவர் சொன்னது உண்மையாகவே இருந்தது, புகைபோலச் சிதற வேண்டிய டீசல் கோடாக ஒழுகியது. நாசில் முனையைப் புதிதாக மாற்றி, திறக்கும் அழுத்தத்தையும் சரிசெய்து கொடுத்தார்கள். டெஸ்டரில் நாசில் அடிக்கும்போது கையை முன்னால் நீட்டக் கூடாது. அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும், காயம் ஊசிமுனை அளவாகத் தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய காயம் அது. என் அண்ணன் மகன் ஆர்வத்தில் விரலை நீட்டியபோது பட்டறைக்காரர் போட்ட சத்தம் தெருவுக்கே கேட்டிருக்கும்.

நாசிலைப் பூட்டிய அன்று எஞ்சின் முப்பத்தெட்டு நிமிடம் ஓடியது. இதற்குள் டேங்கில் பாதி டீசல் தீர்ந்திருந்தது. அதுவரை எட்டும் பன்னிரண்டுமாகப் பார்த்துவிட்டு முப்பத்தெட்டைக் கண்டதும் நோய் தீர்ந்தது என்றே நினைத்தோம்; கடைசியில் நின்றதைக்கூட ஏர் சரியாக எடுக்காததன் விளைவு என்று சமாதானம் சொல்லிக்கொண்டோம். மெக்கானிக் அண்ணாச்சிக்குக் கூலி கொடுத்து அனுப்பினேன். மறுநாள் காலை டேங்கை நிரப்பி எஞ்சினைக் கிளப்பினால், பழையபடி எட்டாவது நிமிடத்தில் நின்றது.

அவர் மறுபடி வந்து, இனி எலிமெண்ட்டும் டெலிவரி வால்வும்தான் பாக்கி என்றார். அவருடைய வாதத்தில் பொருள் உண்டு. எலிமெண்ட் தேய்ந்திருந்தால், எஞ்சின் சூடேறி டீசல் நீர்த்துப்போகும்போது அழுத்தம் பக்கவாட்டில் கசிந்து, எஞ்சின் தளர்ந்து நிற்கும். ஆனால் தேய்ந்த எலிமெண்ட் உள்ள எஞ்சின், சூட்டோடு நின்றபின் சூடு ஆறும்வரை எளிதில் கிளம்பாது. எங்களுடையது ஏர் எடுத்த மறுகணமே, கொதிக்கும் சூட்டிலும் ஒரே சுற்றில் கிளம்பியது. இந்த ஒரு முரண்பாட்டை வைத்து எலிமெண்ட் வாங்குவதைத் தள்ளிப்போட்டேன். இந்தப் பதினொரு நாட்களில் நான் உருப்படியாகச் செய்தது அதுதான் என்று சொல்ல வேண்டும்.

வாங்குவதற்குப் பதிலாகக் குறிப்பேட்டை எடுத்து உட்கார்ந்தேன். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முன்னால் ஈர்க்கு வைத்து அளந்த டீசலின் உயரமும், எஞ்சின் ஓடிய நேரமும் அதில் இருந்தன. டேங்கில் ஒரு லிட்டர் அளவுக்கு மட்டும் இடம் காலியாக இருந்தபோது எட்டு நிமிடம். இரண்டு லிட்டரை ஒட்டிக் காலியாக இருந்தபோது, ஃபில்டர் மாற்றியதாக நான் பெருமைப்பட்ட அந்தப் பன்னிரண்டு நிமிடம். பாதி காலியாக இருந்தபோது முப்பத்தெட்டு. டீசல் குறையக் குறைய ஓட்டம் நீள்கிறது! நிறைந்த டேங்கில் டீசல் இறங்கும் விசை கூடுதல். ஆகவே நிறைய இருக்கும்போதுதான் நன்றாக ஓட வேண்டும். இங்கே தலைகீழாக இருந்தது. இதற்கு என்ன பொருள் என்று ஓர் இரவு முழுவதும் எனக்குப் பிடிபடவில்லை. நாசிலும் ஃபில்டரும் வாஷரும் டேங்கில் எவ்வளவு டீசல் இருக்கிறது என்பதை அறியமாட்டா என்பது மட்டும் தெளிவாயிற்று.

விடை அண்ணன் மகனின் காதில் விழுந்தது. ஒன்பதாம் நாள் எஞ்சின் நின்றதும் நான் ஏர் ஸ்குரூவைத் தளர்த்த, அவன் வழக்கம்போல ஈர்க்கோடு டேங்க் மூடியைத் திருகினான். “சித்தப்பா, மூடியத் தொறக்கும்போ உஸ்ஸுண்ணு ஒரு சத்தம் கேக்குது, கேட்டியளா?” என்றான். நான் கேட்டதில்லை. ஓடி நின்ற எஞ்சினின் இரைச்சல் என் காதில் பத்து நிமிடமாவது தங்கியிருக்கும். அவனுக்கு வயது பத்தொன்பது.

மூடியை வாங்கித் திருப்பிப் பார்த்தேன். உள்ளே, கார்க் வாஷர் இருக்க வேண்டிய இடத்தில், உரச் சாக்கின் உள்ளுறையிலிருந்து வட்டமாக வெட்டிய தடித்த பாலிதீன் ஒட்டிக்கொண்டிருந்தது. அதை அந்த ஒன்பது நாளில் முப்பது தடவையாவது பார்த்திருப்பேன்; வாஷர் என்றே நினைத்து விட்டுவிட்டேன். ஒக்கி முடிந்து எஞ்சினை மூடி வைத்தபோது, உதிர்ந்துபோன கார்க்குக்குப் பதிலாக மழைக்குப் பயந்து அதை வெட்டிப் போட்டவன் நானே. அன்று அது வட்டத் தகடாகத் தட்டையாக இருந்தது. இன்றைக்குக் கிண்ணம்போல டேங்கின் பக்கமாகக் குழிந்திருந்தது. மூடியின் நடுவில் காற்று போவதற்காக இரண்டு மில்லிமீட்டர் துளை ஒன்று உண்டு. வெளியே தூசியும் பெயின்ட்டும் அதை மூடியிருந்தன. உள்ளே பாலிதீன் அடைத்திருந்தது.

டீசல் இறங்க வேண்டுமானால் அது விட்டுச்செல்லும் இடத்துக்குக் காற்று வர வேண்டும். வராவிட்டால், டேங்கினுள் இருக்கும் கொஞ்சக் காற்றே விரிந்து அந்த இடத்தை நிரப்ப வேண்டும். விரிய விரிய அதன் அழுத்தம் குறையும். எங்கள் டேங்கில் டீசலின் மட்டம் டீசல் பம்பைவிட இரண்டடி, அதாவது அறுபது சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கிறது. அந்த அளவு டீசல் கொடுக்கும் அழுத்தம் காற்று மண்டல அழுத்தத்தில் நூற்றில் ஐந்து பங்குதான். ஆகவே உள்ளிருக்கும் காற்று நூற்றுக்கு ஐந்து பங்கு விரிந்தாலே டீசல் தானாக இறங்குவது நின்றுவிடும். ஒரு லிட்டர் காலியிடம் இருந்தால் அது வெறும் ஐம்பது மில்லி; நிமிடத்துக்கு இருபது மில்லி குடிக்கும் எஞ்சினுக்கு இரண்டரை நிமிடத்துப் பாடு. அதற்குப் பிறகும் எஞ்சின் உடனே நிற்பதில்லை. டீசல் பம்பு தன் பலத்தில் உறிஞ்சிக்கொண்டு கொஞ்ச நேரம் ஓட்டும். ஆனால் அந்த நேரத்தில் குழாயினுள் இருக்கும் அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைவு. டீசல் ஒரு சொட்டும் கசியாத இணைப்பில்கூட, வெளியிலிருந்து காற்று மயிரிழை வழியாக உள்ளே புகும். அந்தக் குமிழி எலிமெண்ட்டை எட்டும்போது எஞ்சின் நிற்கும். காலியிடம் ஐந்து லிட்டரானால் இதே நிலை வர ஐந்து மடங்கு நேரம் பிடிக்கும். என் குறிப்பேட்டின் எட்டும் முப்பத்தெட்டும் இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தன.

நான் கண்ட குமிழிகள் பொய்யல்ல. ஆனால் அவை பின்னால் வந்தவை, முன்னால் நின்ற காரணத்தை மறைத்தவை. எஞ்சின் நிற்கும், ஸ்குரூவைத் தளர்த்துவோம், டீசல் வராது, ‘டீசல் இருக்கிறதா பார்’ என்று மூடியைத் திறப்போம். திறந்த அந்தக் கணத்தில் டேங்கினுள் காற்று புகுந்து கோளாறு தீர்ந்துவிடும். அதன்பின் நாங்கள் மாட்டியது காப்பர் வாஷரானாலும் நாசிலானாலும், எஞ்சின் கிளம்பிய புகழ் அதற்குப் போய்ச் சேரும். ஈர்க்கு விட்டு அளந்த என் கவனமே ஒவ்வொரு முறையும் தடயத்தை அழித்திருக்கிறது.

உறுதி செய்துகொள்ள, பாலிதீனை அப்படியே வைத்து மூடி, எஞ்சினை மறுபடி ஓட்டினேன். ஏழாவது நிமிடம் தாண்டி வேகம் தளரத் தொடங்கியபோது, வேறு எதையும் தொடாமல் மூடியை மட்டும் அரைச் சுற்றுத் தளர்த்தினேன். ‘உஸ்’ என்றது, ஆறேழு அடிப்புக்குள் எஞ்சின் தலை நிமிர்ந்து பழைய வேகத்துக்கு வந்தது. மூடியை இறுக்கினேன், சில நிமிடத்தில் தளர்ந்தது. தளர்த்தினேன்; நிமிர்ந்தது. மூன்று தடவை இப்படிச் செய்து பார்த்தோம். மூன்றாவது தடவை தேவையில்லாததுதான். ஆனால் எட்டு நாள் ஏமாந்தவனுக்கு அந்தச் சந்தோஷம் தேவைப்பட்டது.

பாலிதீனைப் பிய்த்தெடுத்து, ஊசியால் துளையைக் குத்திச் சுத்தம் செய்து, வாயால் ஊதிக் காற்று போவதை உறுதிப்படுத்திக்கொண்டேன். கார்க் தாளில் நடுவே ஓட்டை விட்டு வளையமாக வெட்டி வாஷர் போட்டேன். பிய்த்தெடுத்த பாலிதீன் வட்டத்தின் ஓரத்தில் ஒரு துண்டைக் காணவில்லை. திருகு மரையில் சிக்கிக் கிழிந்திருக்கும் என்று எண்ணியதோடு விட்டுவிட்டேன். மூடியின் கதையில் இவ்வளவு பட்டும் எனக்குப் புத்தி வரவில்லை.

அடுத்த நாள் டேங்கை நிரப்பி எஞ்சினைக் கிளப்பினேன். எட்டு நிமிடம் தாண்டியது. அரை மணி தாண்டியது. வாழைக்கு மூன்று பாத்தி பாய்ந்தது. ஒரு மணி பத்து நிமிடத்தில் எஞ்சின் நின்றது.

இந்த முறை நின்ற விதம் வேறு. படிப்படியாகத் தளரவில்லை, ஒருமுறை தாழ்ந்து தானாகவே மீண்டது, இன்னொரு முறை தாழ்ந்து மீண்டது, பிறகுதான் ஒரேயடியாகத் தாழ்ந்தது. மூடியைத் தளர்த்திப் பார்த்தேன். சத்தம் எதுவும் இல்லை. மூடியை அகற்றி வைத்துவிட்டு ஏர் ஸ்குரூவைத் திறந்தால், டீசல் நூலிழையாக மட்டும் வந்தது. இது முதல் நாளே செய்திருக்க வேண்டிய சோதனைக்கு என்னைக் கொண்டுவந்து நிறுத்தியது. ஃபில்டருக்குள் நுழையும் குழாயைக் கழற்றி, அதன் முனையை அளவுக் கோடு போட்ட ஒரு பாட்டிலுக்குள் விட்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்து ஒவ்வொரு நிமிடமும் எவ்வளவு டீசல் இறங்குகிறது என்று குறித்தேன். பத்து நிமிடம் ஓய்ந்திருந்த டேங்கிலிருந்து முதல் நிமிடத்தில் 450 மில்லி வந்தது. இரண்டாம் நிமிடத்தில் 430. மூன்றாம் நிமிடத்தில் 90. அதற்குப் பிறகு சொட்டு. குழாயின் முனையில் வாயை வைத்து ஊதினேன். டேங்கினுள் குளுகுளுவென்று குமிழி எழுந்தது. மறுபடி முழு வேகத்தில் டீசல் கொட்டியது. நாக்கில் ஒட்டிய டீசலின் சுவை அன்று இரவுச் சோறுவரை போகவில்லை. சைக்கிள் பம்பு வீட்டில்தான் இருந்தது, பொறுமைதான் இல்லை.

நிலையாக ஒட்டிய அடைப்பு என்றால் தொடக்கத்திலிருந்தே குறைவாக வர வேண்டும். முதலில் நிறைய வந்து, பிறகு குறைந்து, ஓய்வு கொடுத்தால் மீண்டும் நிறைய வருகிறதென்றால், அடைப்பது நகர்கிற பொருள். ஓட்டத்தோடு இழுபட்டு வந்து வாயில் உட்காருகிறது. ஓட்டம் நின்றால் விலகிப் போகிறது. பாட்டிலில் நிமிடத்துக்கு 450 மில்லி கொட்டும்போது அது மூன்று நிமிடத்தில் வந்துசேர்ந்தது. எஞ்சின் குடிப்பதோ நிமிடத்துக்கு இருபது மில்லி, அந்த மெல்லிய இழுப்பில் வந்துசேர அதற்கு ஒரு மணி நேரம் பிடித்திருக்கிறது. காணாமற்போன பாலிதீன் துண்டு அப்போதுதான் எனக்கு நினைவுக்கு வந்தது.

டேங்கைக் கழற்றி இறக்கினோம். டீசலை வெள்ளை வேட்டித் துணி வழியாக வாளியில் வடித்தோம். பிறகு இரண்டு லிட்டர் டீசலும் ஒன்றரை அடிச் சங்கிலியும் உள்ளே போட்டுக் குலுக்கினோம். இதற்குச் சரளைக்கல் போடுகிறவர்களும் உண்டு. எண்ணிப் போட்டாலும் ஒன்றிரண்டு உள்ளேயே தங்கிவிடும், சங்கிலியானால் ஒரு முனையைப் பிடித்து முழுதாக இழுத்துவிடலாம். துணியில் சேர்ந்தவை: துருத்தூள் ஒரு கைப்பிடி, வழவழப்பான கறுப்புச் சளிபோன்ற படிவு, விரல் நீளத்தில், நகத்தின் அகலத்தில், டீசலில் ஊறி மெதுமெதுப்பான பாலிதீன் துண்டு ஒன்று. வாளியின் அடியில் அரைக் கோப்பை தண்ணீரும் தனியாகப் பிரிந்து நின்றது. அந்தக் கறுப்புச் சளி, டீசலும் தண்ணீரும் சந்திக்கும் இடத்தில் நுண்ணுயிர்கள் வளர்வதால் உண்டாவது. தண்ணீர் தங்காவிட்டால் அதுவும் இல்லை. பாலிதீன் போட்டு மழையைத் தடுத்தேனே, தண்ணீர் எப்படி வந்தது என்று அண்ணன் மகன் கேட்டான். பகலில் வெயிலும் இரவில் குளிருமாக, காலியான டேங்கின் உட்சுவரில் ஈரம் வியர்த்து வழிந்த தண்ணீராக இருக்கலாம் அது, மழையாக வரவேண்டியதில்லை.

டேங்கைக் காயவைத்துத் திரும்பப் பூட்டும்போது, அடியிலிருந்து ஒரு சென்டிமீட்டர் உயர்ந்து நிற்கும் வெளிப்போக்குக் குழாயின் மேல் பித்தளை வலையைச் சுருட்டித் தொப்பிபோலப் போட்டேன். கடையில் நாகம் (துத்தநாகம்) பூசிய இரும்பு வலையைத்தான் முதலில் எடுத்துக் கொடுத்தார்கள். நாகம் டீசலோடு சேர்ந்து பசைபோன்ற உப்பாக மாறி நாசிலில் போய் ஒட்டும் என்பதால் அதை வேண்டாம் என்றேன். அடியிலுள்ள வடிகுழாயின் அடைப்பையும் கழற்றி, இறுகிப்போன மரையைச் சுத்தம் செய்தேன். இனி மாதம் ஒருமுறை அதைத் திறந்து ஒரு கரண்டி வடித்தால் தண்ணீர் சேராது.

பூட்டிய பின் பாட்டில் சோதனையை மறுபடி செய்தேன்: பத்து நிமிடமும் 440-க்குக் குறையவில்லை. பிறகு ஏர் எடுத்து, பெல்ட்டைப் போட்டு எஞ்சினைக் கிளப்பினேன். மூன்று மணி இருபது நிமிடம் ஓடியது. பாத்தி முடிந்ததால் நாங்களாகவே நிறுத்தினோம். ஈர்க்கில் அளந்தபோது குறைந்திருந்தது மூன்று லிட்டர் அறுநூறு மில்லி; மணிக்கு ஒரு லிட்டரைவிடச் சற்று மிகுதி, இந்த எஞ்சினுக்கு நியாயமான தீனி. மாற்றியவற்றில் நாசில் வீண்போகவில்லை. காலையில் கிளப்பும்போது வரும் வெள்ளைப் புகை நன்றாகவே குறைந்திருக்கிறது. வாஷரும் ஃபில்டரும் எப்படியும் மாற்ற வேண்டியவைதான். மெக்கானிக் அண்ணாச்சியிடம் பாலிதீன் துண்டைக் காட்டியபோது அவர் அதை வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இதுக்கா நா எலிமெண்டு வாங்கச் சொன்னேன்?” என்று மட்டும் கேட்டார்.

சுமை இல்லாமல் ஓடும்போது எஞ்சினின் வேகம் இலேசாக ஏறி இறங்குகிறது. கவர்னரின் இணைப்புத் தண்டில் ஊசி தேய்ந்து ஆட்டம் விழுந்திருக்கிறது, அதை மாற்ற வேண்டும். மோட்டார் பதிமூன்றாம் நாள் காயில் கட்டி வந்தது. டேங்க் மூடிக்கு மழைக்காப்பாக இப்போது ஒரு பெரிய சிரட்டையைக் கவிழ்த்து, அதன் விளிம்பில் அரத்தால் இரண்டு பள்ளம் போட்டு, வாழைநாரால் கட்டி வைத்திருக்கிறேன். மழை இறங்காது, காற்று போகும்.